விருந்துப் பொறிக்கு ஒரு முகவரி

சென்ற திங்கள் இப்பகுதியில், ஒரே கணிப்பொறிக்குள் விண்டோஸும் லினக்ஸும் ஒன்றன் பொருளை மற்றொன்று தீண்டாமல் வாழும் வகையைக் குறித்து எழுதியிருந்தேன். அதன்படி செய்து பார்த்த அன்பர்கள் எழுதிய கடிதங்களில் பல ஒரே குறையையே கூறுகின்றன. லினக்ஸ் எழுகின்றது, எழுத்தும் படமும் தெரிகின்றன, இணையம் மட்டும் எட்டுவதில்லை, அல்லது ஒரு நாள் எட்டி மறுநாள் மறைந்துவிடுகின்றது. உடும்பஞ்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றிலிருந்து வந்த கடிதத்தில் ஏனையோர் கேட்டவை யாவும் அடங்கியிருப்பதால், அதனையே எடுத்துக்கொண்டு இம்முறை விடையெழுதுகிறேன்.

கடிதத்தின் சாரம் இது. வீட்டில் பழைய மடிக்கணிப்பொறி ஒன்றே உள்ளது. தந்தையார் தோட்டத்துக் கூலிக் கணக்கை அதில் விண்டோஸில் எழுதி வருகிறார். மகள் தமிழ் வழியில் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளியில் இருப்பது லினக்ஸ். வீட்டிலும் அதைப் பயில வேண்டும் என்பதற்காக, விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மென்பொருளை நிறுவி, அதனுள்ளே லினக்ஸை வைத்தார்கள். இணையமும் வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மூத்த மகன் தங்கைக்குத் தொலைபேசியில், "நெட்வொர்க்கை பிரிட்ஜ்டு என்று மாற்றிவிடு பாப்பா, நான் இங்கிருந்தே உன் லினக்ஸுக்குள் வந்து பாடத்தைக் காட்டித் தருகிறேன்" என்றாராம். அவள் மாற்றினாள். அண்ணன் வந்தபாடில்லை, இருந்த இணையமும் போயிற்று. கடைவீதியில் பழுது பார்ப்பவரிடம் கொண்டு போனால், விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸை மட்டும் வைத்தால்தான் சரியாகும் என்கிறார். அழித்தால் மூன்றாண்டுக் கணக்குப் போகும். அழிக்காவிட்டால் மகளின் பயிற்சி நின்றுபோகும். என் செய்வது என்று கேட்கிறார் தந்தையார்.

எதையும் அழிக்க வேண்டாம், ஐயா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பொறியில் பழுது ஏதுமில்லை. ஒரே ஒரு கட்டத்தில் மாற்றியதைப் பழையபடி மாற்றினால் இணையம் திரும்பிவிடும். ஆயினும் ஏன் போயிற்று, மகன் சொன்னது ஏன் நடக்கவில்லை என்பதையும் அறிந்துகொண்டால், அடுத்த முறை கடைக்குப் பணம் கொண்டுபோக வேண்டியதில்லை.

தமிழகத்திலிருந்து புதிதாக வந்த குடும்பங்கள், பள்ளியில் ஏன் லினக்ஸ் என்று வினவுவதுண்டு. கேரள அரசு பள்ளிகளுக்கான தகவல் தொழில்நுட்பத் திட்டத்தை 2001ஆம் ஆண்டு தொடங்கியது. பின்னர் படிப்படியாக, விலை கொடுத்து உரிமம் வாங்க வேண்டிய மென்பொருளை விடுத்து, எவரும் படியெடுத்துக்கொள்ளத்தக்க கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. அத்திட்டமே 2017இல் கைட் என்னும் அரசு நிறுவனமாயிற்று. உபுண்டு லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு, பாடங்களுக்கு வேண்டிய கருவிகளையும் சேர்த்து, அந்நிறுவனம் அளிக்கும் தொகுப்பே பள்ளிகளில் இயங்குகின்றது. 2018 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் லிட்டில் கைட்ஸ் என்னும் மாணவர் மன்றங்களும் நடக்கின்றன. பத்தாம் வகுப்புத் தேர்விலே இப்பாடத்திற்குக் கணிப்பொறியின் முன் அமர்ந்துதான் விடையளிக்க வேண்டும். ஆகவே மலைத்தோட்டத்துப் பெண் ஒருத்தி வீட்டில் லினக்ஸைத் திறந்து வைத்திருப்பது பொழுதுபோக்கு அன்று. மதிப்பெண்ணைச் சேர்ந்த காரியம்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

ஆங்கிலத்தில் மெய்யான கணிப்பொறியை ஹோஸ்ட் என்றும், அதனுள் வைக்கப்பட்ட கற்பனைக் கணிப்பொறியைக் கெஸ்ட் என்றும் அழைக்கிறார்கள். நாம் முன்னதை வீட்டுப் பொறி என்றும், பின்னதை விருந்துப் பொறி என்றும் சொல்லிக்கொள்வோம். விருந்துப் பொறிக்கு நினைவகமும் வட்டும் வீட்டுப் பொறியிலிருந்து பங்கிட்டுக் கொடுக்கப்படுகின்றன. பிணைய அட்டையோ பங்கிடப்படுவதில்லை. இல்லாத ஓர் அட்டையை இருப்பதுபோல விர்ச்சுவல்பாக்ஸ் காட்டுகின்றது. லினக்ஸ் அதனை மெய்யான அட்டை என்றே நம்பி, ஈ-என்-பி-0-எஸ்-3 என்று பெயரிட்டுக்கொள்கிறது. அந்தப் பொய் அட்டையிலிருந்து புறப்படும் கம்பி எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் கேள்வி. அதைத் தீர்மானிக்கும் இடம், விர்ச்சுவல்பாக்ஸின் செட்டிங்ஸில் நெட்வொர்க் என்னும் பக்கத்திலுள்ள அட்டாச்டு டு என்ற கட்டம். உங்கள் மகள் மாற்றியது அதைத்தான்.

அக்கட்டத்தில் தொடக்கத்தில் இருப்பது நாட் என்னும் முறை. இது நம் லயத்து வாழ்க்கையை அறிந்தவர்க்கு எளிதில் விளங்கும். லயத்தின் ஏழாம் வீட்டில் குடியிருப்பவருக்கு ஊரிலிருந்து எழுதுவோர், தோட்டத்தின் பெயரை எழுதி, தோட்டத்து அலுவலகம் மேற்பார்வை என்று குறிப்பார்கள். அஞ்சற்காரர் அறிந்தது அலுவலகத்தை மட்டுமே. ஏழாம் வீடு எது என்பது கணக்கப்பிள்ளைக்குத் தெரியும்.

இப்போது கணக்கப்பிள்ளை ஒரு பதிவேடு வைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஏழாம் வீட்டார் வெளியூருக்கு ஒரு கடிதம் கொடுக்கிறார். கணக்கப்பிள்ளை அனுப்புநர் இடத்தில் அவர் வீட்டை அடித்துவிட்டு, அலுவலக முகவரியையும் ஒரு தொடர் எண்ணையும் இட்டு அனுப்புகிறார். பதிவேட்டில், இன்ன எண் ஏழாம் வீட்டுக்குரியது என்று குறித்துக்கொள்கிறார். பதில் அந்த எண்ணைத் தாங்கி வரும். ஏட்டைப் புரட்டிப் பார்த்து ஏழாம் வீட்டில் சேர்க்கிறார். ஏட்டில் இல்லாத எண்ணுடன், முன்பின் அறியாத ஒருவர் தாமாகவே எழுதிய கடிதம் வந்தால் அதை யாருக்குக் கொடுப்பது? போட்டுவிட வேண்டியதுதான். நாட் முறை செய்வது அணுவளவும் மாறாமல் இதுவே. விருந்துப் பொறி தானாக வெளியே செல்லலாம்; அது கேட்டதற்குப் பதில் திரும்பி வரலாம்; வெளியார் தாமாக உள்ளே வரலாகாது. விர்ச்சுவல்பாக்ஸ் இம்முறையில் விருந்துப் பொறிக்கு 10.0.2.15 என்ற முகவரியையும், கணக்கப்பிள்ளையின் மேசைக்கு 10.0.2.2 என்ற முகவரியையும் வழக்கமாகக் கொடுக்கின்றது. இரண்டு விருந்துப் பொறிகளை வைத்தால் இரண்டுக்கும் அதே 10.0.2.15 வரும். அதைக் கண்டு திகைக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணக்கப்பிள்ளை. ஆனால் அவ்விரண்டும் தம்முள் பேசிக்கொள்ள இயலா.

இரயில்வேயில் இருப்பவன் ஆகையால் எனக்கு வேறோர் உவமையும் தோன்றுகிறது. இடுக்கி மாவட்டத்தில் இருப்புப் பாதையே இல்லை. உடும்பஞ்சோலையிலிருந்து போடிமெட்டு வழியே இறங்கிச் சென்னைக்குச் செல்பவரின் சீட்டில் போடிநாயக்கனூர் என்றுதான் இருக்கும். சென்னையில் சீட்டைச் சோதிப்பவருக்கு அவர் போடிக்காரர். அவர் வந்த தோட்டம் எது என்பது இரயில்வேக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இம்முறை விர்ச்சுவல்பாக்ஸுக்காகப் பிறந்ததன்று. இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி எண்களே உண்டு. உலகத்துப் பொறிகள் அத்தனைக்கும் அவை போதா என்பதை அறிந்தோர் முன்கூட்டியே கண்டுகொண்டார்கள். 1994இல் மேற்பார்வை முகவரி முறையை வகுத்தார்கள். 1996இல் 10 என்று தொடங்குவன, 192.168 என்று தொடங்குவன, இன்னும் சில ஆகிய எண்களை வீட்டுக்குள் மட்டுமே வழங்குதற்குரியவை என்று ஒதுக்கினார்கள். உலகப் பொதுக் கையிருப்பில் எஞ்சியிருந்த கடைசித் தொகுதிகளும் 2011 பிப்ரவரி 3ஆம் நாள் ஐந்து மண்டலங்களுக்கும் பங்கிடப்பட்டுத் தீர்ந்தன. ஆகவே உங்கள் வீட்டு வைஃபை பெட்டியும் ஒரு கணக்கப்பிள்ளைதான். கைப்பேசி நிறுவனங்களிலும் பெரும்பாலும் அதற்கு மேல் இன்னொரு பெரிய கணக்கப்பிள்ளை அமர்ந்திருக்கிறார். விருந்துப் பொறியிலிருந்து புறப்படும் ஒரு சொல், வெளியுலகைக் காணுமுன் இரண்டு மூன்று பதிவேடுகளில் ஏறி இறங்குகின்றது.

பெங்களூர்த் தம்பியின் யோசனை பிழைத்தது இங்கேதான். பிரிட்ஜ்டு என்பதற்குப் பாலமிட்டது என்று பொருள். அதனைத் தேர்ந்தால் விருந்துப் பொறி வீட்டுப் பொறியின் மேற்பார்வையை விட்டு நீங்கி, வைஃபை பெட்டியிடமே சென்று தனக்கெனத் தனி எண் பெற்றுக்கொள்கிறது. 192.168.1.7 என்பது போல் ஓர் எண் வரும். லயத்துக்குள் தனி வீட்டு எண் கிடைத்தாற்போலத்தான். ஆயின் அந்த எண் அந்த வீட்டுப் பிணையத்துக்குள் மட்டுமே செல்லும். பெங்களூரிலிருந்து பார்ப்பவருக்கு வைஃபை பெட்டியும், கைப்பேசி நிறுவனமும் இடையே நிற்கும் சுவர்கள். ஒரே வீட்டுக்குள் இருந்து அண்ணன் தன் கணிப்பொறியிலிருந்து தங்கையின் லினக்ஸுக்குள் செல்வதற்குப் பாலம் உதவும்; முந்நூறு மைலுக்கு அப்பாலிருந்து வர அது மட்டும் உதவாது. அலுவலகத்திலோ கல்லூரியிலோ பாலமிட்டுப் பழகியவர்கள், அங்கே எல்லாப் பொறியும் ஒரே பிணையத்தில் இருந்தமையால், எங்கும் அப்படியே என்று எண்ணிவிடுவது இயல்பு.

சரி, இருந்த இணையமும் ஏன் போயிற்று? இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலாவது மிகச் சாதாரணமானது. பாலத்தின் மறுமுனையை எந்த மெய் அட்டையில் கட்டுவது என்று கீழே நேம் என்னும் கட்டம் கேட்கும். மடிக்கணிப்பொறியில் கம்பி செருகும் அட்டை ஒன்று, வைஃபை அட்டை ஒன்று என இரண்டு இருக்கும். அக்கட்டம் கம்பி அட்டையில் நின்றிருக்க, நீங்கள் வைஃபையில் இணையம் பெறுகிறீர்கள் என்றால், தண்ணீர் இல்லாத குழாயில் குடத்தை வைத்ததாகும். எனக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இவ்வகையே என்று எண்ணுகிறேன்.

இரண்டாவது காரணம் சற்று நுட்பமானது. ஒவ்வொரு பிணைய அட்டைக்கும் பிறவியிலேயே வந்த அடையாள எண் ஒன்று உண்டு. மேக் முகவரி என்பார்கள். வைஃபை பெட்டி ஒவ்வோர் அட்டையையும் அந்த எண்ணைக் கொண்டே சேர்த்துக்கொள்கிறது. ஒரு சேர்க்கைக்கு ஓர் எண் என்பதே அதன் கணக்கு. ஒரே பயணச்சீட்டில் இருவர் ஏறுவதைப்போல, வீட்டுப் பொறியின் சேர்க்கையைக் கொண்டு விருந்துப் பொறியும் தன் சொந்த எண்ணுடன் நுழையப் பார்த்தால், பெட்டி மறுத்துவிடுகிறது. கம்பியில் இத்தொல்லை இல்லை. வைஃபையில் விர்ச்சுவல்பாக்ஸ் அடையாள எண்ணை மாற்றி எழுதிச் சமாளிக்கின்றது. சில அட்டைகளில் அது செல்லும், சிலவற்றில் செல்லாது. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டிலும் உறுதி கூறுவதற்கில்லை. மலையில் நம்மவர் பலருக்கு ஹாட்ஸ்பாட்டே இணையம் ஆகையால், பாலத்தை நம்பிப் பயனில்லை என்பது என் கருத்து.

பாலத்தை வேண்டாமென்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. லயத்தில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே வைஃபை இணைப்புக்குப் பணம் கட்டுகிறார்கள். பாலமிட்ட விருந்துப் பொறி அத்தனை பேர் பிணையத்திலும் ஒரு தனிப் பொறியாக வெளிப்பட்டு நிற்கும். பழகுவதற்கென்று வைத்த லினக்ஸில் கடவுச்சொல்லாக 1234 என்று வைப்பதே பிள்ளைகளின் வழக்கம். யாரும் தீயவர் என்று நான் சொல்லவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு அயலாரைச் சோதிப்பானேன் என்றுதான் சொல்கிறேன்.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவே. விருந்துப் பொறியை அணைத்துவிட்டு, அட்டாச்டு டு கட்டத்தில் மறுபடியும் நாட் என்பதைத் தேருங்கள். அதே பக்கத்தில் கேபிள் கனெக்டெட் என்று ஒரு சிறு கட்டம் உண்டு. விர்ச்சுவல்பாக்ஸின் பதிப்பைப் பொறுத்து, அட்வான்ஸ்டு என்பதை விரித்தால்தான் தெரியும். அதில் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் கம்பியைப் பிடுங்கிவைத்ததற்குச் சமம். பிறகு லினக்ஸை எழுப்புங்கள். உபுண்டுவின் மேசைப் பதிப்பில் பிணைய மேலாளர் தானாகவே முகவரி கேட்டு வாங்கும். நீங்கள் எண் எதையும் எழுத வேண்டியதில்லை. பிரிட்ஜ்டு இருந்தபோது யாரேனும் கையால் எண் எழுதிவைத்திருந்தால் அதை நீக்கி, தானியங்கி என்று விடுங்கள். அது மறந்துபோனால் நாட் ஆக்கிய பின்னும் இணையம் வராது. மறுபடியும் என் மேல் குறை சொல்லிக் கடிதம் வரும்.

அப்படியும் வராவிட்டால் படிப்படியாகத் தேடுவதே முறை. லினக்ஸின் டெர்மினலில் ஐபி என்று எழுதி, இடைவெளி விட்டு, ஏ என்று எழுதினால் அட்டைகளும் முகவரிகளும் வரிசையாய்த் தோன்றும். 10.0.2.15 இல்லையென்றால் கோளாறு விர்ச்சுவல்பாக்ஸின் அமைப்பில், அல்லது லினக்ஸின் பிணைய அமைப்பில். இருக்கிறதென்றால் பிங் என்னும் கட்டளையால் 10.0.2.2ஐக் கூப்பிட்டுப் பாருங்கள்; கணக்கப்பிள்ளை பதில் சொல்வார். அடுத்து 8.8.8.8 என்னும் வெளி எண்ணைக் கூப்பிடுங்கள். அதுவும் பதிலளித்து, உலாவியில் மட்டும் தளங்கள் திறக்கவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் பணியில் தடை. 10.0.2.2 வரை வந்து வெளியே போகவில்லை என்றால், விண்டோஸிலேயே இணையம் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். மழைக்காலத்தில் மலையில் பாதிக் கோளாறு அதுதான்.

இனி அண்ணன் உதவுவது எவ்வாறு? இதற்கு விருந்துப் பொறியின் பிணையத்தைத் தொடவே வேண்டாம். திரையைப் பகிர்ந்துகொள்ளும் மென்பொருள்களில் எனிடெஸ்க், ரஸ்ட்டெஸ்க் போன்றவை இருபுறத்தையும் வெளியேறச் செய்து, நடுவிலுள்ள ஒரு பொறியில் சந்திக்க வைக்கின்றன. எவரும் எவர் வீட்டுக்குள்ளும் அழையாமல் நுழைவதில்லை. ஆகவே பதிவேடுகள் தடுப்பதில்லை. அம்மென்பொருளை விண்டோஸில் நிறுவினால் போதும். விண்டோஸின் திரையில் லினக்ஸின் சாளரமும் தெரியுமன்றோ? அண்ணன் அங்கிருந்தே சுட்டியை நகர்த்திக் காட்டலாம். ஒன்றை மட்டும் கண்டிப்பாய்ச் சொல்ல வேண்டும். வங்கியிலிருந்து பேசுகிறோம், இம்மென்பொருளைப் போடுங்கள் என்று அறியாதவர் எவரேனும் தொலைபேசியில் சொன்னால், அவர் திருடர். தங்கை தானே அழைத்துப் பேசும் அண்ணனுக்கு மட்டுமே எண்ணைக் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் மென்பொருளை மூடிவிட வேண்டும்.

விடுமுறையில் அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கும்போது, விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குள் சென்று கட்டளை எழுதிக் காட்ட விரும்பினால், இரண்டு வழிகள் உண்டு. நாட் முறையிலேயே கணக்கப்பிள்ளைக்கு நிரந்தர உத்தரவு ஒன்று கொடுத்துவைக்கலாம். போர்ட் ஃபார்வர்டிங் என்பது அதன் பெயர். வீட்டுப் பொறியின் 2222ஆம் வாயிலுக்கு வருவதை விருந்துப் பொறியின் 22ஆம் வாயிலில் சேர்க்க என்று எழுதினால், எஸ்எஸ்எச் வழியாக உள்ளே செல்லலாம். லினக்ஸில் அதன் சேவையகத்தை முன்பே நிறுவியிருக்க வேண்டும். ஹோஸ்ட் ஐபி என்ற இடத்தில் 127.0.0.1 என்று எழுதுவது நல்லது. அப்படி எழுதினால் அந்த வாயில் அந்தக் கணிப்பொறியில் இருப்பவருக்கு மட்டுமே திறக்கும்.

மற்றொரு வழி, இரண்டாவது அட்டை. விர்ச்சுவல்பாக்ஸின் அந்தப் பக்கத்தில் நான்கு அட்டைகள் வரை வைக்க இடமுண்டு. முதலாவதை நாட் ஆகவே விட்டு, இரண்டாவதை ஹோஸ்ட் ஒன்லி என்று அமைக்கலாம். அது வீட்டுக்கும் விருந்துக்கும் நடுவே உள்ள உட்கதவு. தெருவுக்கு அதில் வழியில்லை. வீட்டுப் பொறிக்கு வழக்கமாக 192.168.56.1 என்றும், விருந்துப் பொறிக்கு 192.168.56.101 போன்றும் எண் வரும். லினக்ஸில் அந்த அட்டை ஈ-என்-பி-0-எஸ்-8 என்று தோன்றும். தந்தையாரின் கணக்குக் கோப்பை லினக்ஸில் திறந்து பழகவும், மகள் எழுதிய பாடத்தை விண்டோஸுக்குக் கொண்டுவரவும் இக்கதவு போதும். இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த இரண்டாவது அட்டைக்குக் கையால் முகவரி எழுதுவோர், கேட்வே என்ற இடத்தையும் சும்மா விடக்கூடாது என்று கருதி, அதிலும் ஓர் எண்ணை நிரப்பிவிடுகிறார்கள். கேட்வே என்பது ஊருக்குப் போகும் வழி இது என்று காட்டும் பலகை. தெருவுக்கு வழியில்லாத உட்கதவின் மேல் அப்பலகையைத் தொங்கவிட்டால், லினக்ஸ் அதனை நம்பிப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும்.

கடிதத்தின் கடைசியில் மகள் தன் கைப்பட ஒரு கேள்வி எழுதியிருக்கிறாள். பக்கத்து லயத்துத் தோழிக்கும் இதே லினக்ஸைப் படியெடுத்துக் கொடுக்கலாமா என்கிறாள். தாராளமாய்க் கொடுக்கலாம் அம்மா. மென்பொருளின் உரிமமே அதற்கு இடங்கொடுக்கிறது. க்ளோன் என்னும் வழியில் படியெடுக்கும்போது மேக் முகவரியைப் பற்றி ஒரு கேள்வி வரும். எல்லா அட்டைக்கும் புதிய எண் உண்டாக்குக என்பதையே தேர்ந்துகொள். பழைய எண்ணையே விட்டால், நாட் முறையில் இருக்கும் வரை ஒன்றும் தெரியாது. பின்னொரு நாள் இருவரும் பள்ளியில் ஒரே பிணையத்தில் பாலமிட்டு அமர்ந்தால், ஒரே படுக்கை எண்ணுக்கு இருவர் சீட்டு வைத்திருக்கும் கதையாகிவிடும். ஒருத்திக்கு வந்தது மற்றொருத்திக்குப் போகும். படியை யூஎஸ்பி குச்சியில் கொண்டுபோவதற்கு முன் எக்ஸ்போர்ட் செய்து ஒரே கோப்பாக ஆக்கிக்கொள். கோப்பு 4 ஜிபிக்கு மேல் வருமாதலால், குச்சி ஃபேட்-32 முறையில் அமைந்திருந்தால் ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறையில் அமைத்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு அமைக்கும்போது குச்சியில் முன்பிருந்தவை அழிந்துவிடும். தந்தையாரின் கணக்கு அதில் இருந்தால் முதலில் வேறிடத்துக்கு மாற்றிவை.